மெய்யெண்களின் பண்புகள் எல்லாம் பின்னங்களுக்கும் இருக்கின்றனவே, அப்புறம் மெய்யெண் எதற்கு?

தாழம்பூ:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். மெய்யெண்கள் பாடம் நடக்கிறது. அடைவுப் பண்பு, பரிமாற்றுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, பங்கீட்டுப் பண்பு, கூட்டல் சமனி 0, பெருக்கல் சமனி 1, நேர்மாறு என்று நோட்டில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள். எழுதிவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, இதெல்லாம் போன வருஷம் விகிதமுறு எண்களுக்கே, அதான் பின்னங்களுக்கே, படிச்சாச்சு. ஒண்ணுகூட மாறலை. அப்புறம் எதுக்கு மெய்யெண்ணுன்னு தனியா ஒண்ணு?" என்று கேட்கிறாள். நான் வணிகவியல் படித்தவள், பதில் தெரியவில்லை.

இன்னொன்று. கால்குலேட்டரில் √2 போட்டால் 1.41421356 வருகிறது. அதை 141421356/100000000 என்று எழுதினால் பின்னம்தானே? அது எப்படி விகிதமுறா எண் ஆகும்?

சாக்பீஸ்:
அம்மா, உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பண்பும் விகிதமுறு எண்களுக்கும் அப்படியே பொருந்தும். பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் பட்டியலில் இல்லாத ஒரு பண்பில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கால்குலேட்டர். அது காட்டுவது √2 அல்ல, திரையில் எத்தனை இலக்கம் கொள்ளுமோ அத்தனையோடு வெட்டிய ஒரு பின்னம். 1.41421356-ஐத் தாளில் அதனாலேயே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி இலக்கம் 6, ஆறாறு முப்பத்தாறு, ஆகவே பெருக்கல் பலனும் 6-இல்தான் முடியும். 2.0000… என்று வர வழியே இல்லை. எத்தனை இலக்கம் சேர்த்தாலும் இதே கதைதான். முடிவுறு தசமத்தின் கடைசி இலக்கம் 0 அல்லாத ஏதோ ஒன்று. அதன் வர்க்கமும் 0-இல் முடியாது.

சுழல் தசமங்களையும் சேர்த்து எல்லாப் பின்னங்களுக்கும் நிரூபிக்க வேண்டுமானால் பாடநூல் முறைதான். √2 = க/ச, இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை என்று வைத்துக்கொள்வோம். க² = 2ச². ஆகவே க² இரட்டைப்படை, ஆகவே க-வும் இரட்டைப்படை. க = 2ட என்று போட்டால் 4ட² = 2ச², அதாவது ச² = 2ட². இப்போது ச-வும் இரட்டைப்படை. பொதுக் காரணி இல்லை என்றோம், 2 வந்து நிற்கிறது. முரண்பாடு.

மூலைமட்டம்:
நான் கட்டடப் பொறியாளர். சார் சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் நடைமுறையில்? 10 அடிக்கு 10 அடி அறைக்கு மூலைவிட்டம் 14 அடி 1.7 அங்குலம் வந்தால் போதும், கொத்தனாரிடம் விகிதமுறா எண்ணைச் சொல்லிவிட்டு வேலை வாங்க முடியாது. செங்கோணம் பார்க்க நாங்கள் பிடிப்பது 3, 4, 5 அடி. மூன்றும் இயல் எண்கள். இருபது வருட சர்வீஸில் மூன்று தசம இடத்துக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. அளக்க முடிந்த எதுவும் பின்னம்தான். பதினாலு வயதுப் பிள்ளையிடம் முடிவே இல்லாத தசமத்தைக் கொண்டுபோய் எதற்கு நிறுத்த வேண்டும்? கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம்.

பின்பெஞ்ச்:
அண்ணா சொல்றதுக்கு நான் ஆதரவு 😀

பிழைதிருத்தி:
@மூலைமட்டம், அளவைக்குப் பின்னம் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயற்கணிதம் அளவை இல்லையே. (√2 + 1)(√2 − 1) எவ்வளவு? வர்க்க வித்தியாசச் சூத்திரப்படி 2 − 1 = 1. முடிந்தது. உங்கள் மூன்று தசம இடத்தில் செய்து பாருங்கள்: 2.414 × 0.414 = 0.999396. ஒரு படிக்கு இவ்வளவு பிழை. பத்துப் படி உள்ள கணக்கில் அது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பண்புகள் பட்டியலைச் சும்மா ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று காட்டுகிறேன். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்ட்டிலோ 0.1 + 0.2 என்று அடித்தால் 0.30000000000000004 வரும். அதோடு நிற்காது. (0.1 + 0.2) + 0.3 போட்டால் 0.6000000000000001. அடைப்பை மாற்றி 0.1 + (0.2 + 0.3) போட்டால் 0.6. அடைப்பை எங்கே போட்டாலும் விடை மாறாது என்பதுதான் சேர்ப்புப் பண்பு. கணினியில் உள்ள தசம எண்களுக்கு அது கிடையாது! காரணம், கணினி இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்டு) குறிப்பிட்ட இடங்களோடு வெட்டி வைத்துக்கொள்கிறது. 1/10 இரண்டடிமானத்தில் முடிவுறாச் சுழல் எண். வெட்டினால் பிழை. பணக் கணக்கு எழுதும் நிரல்களில் பைசாவை முழு எண்ணாக வைத்துக்கொள்வது இதற்குப் பயந்துதான்.

ஆகவே தாழம்பூ அக்கா, பாப்பாவிடம் சொல்லுங்கள்: அந்தப் பட்டியல் எல்லா எண்களுக்கும் தானாக வந்துவிடுவதில்லை.

தாழம்பூ:
அடைப்பை மாற்றினால் விடை மாறும் என்றதும் அவளே கணினியில் அடித்துப் பார்த்தாள். நன்றி தம்பி. ஆனால் பின்னங்களுக்குப் பட்டியல் முழுவதும் சரிதானே? சாக்பீஸ் சார் சொன்ன அந்த "பட்டியலில் இல்லாத பண்பு" என்ன?

மாகாணி:
சார் வருவதற்குள் நான் நுழைகிறேன். பள்ளிப் பாடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, யாரும் அதைப் பேசுவதில்லை. மெய்யெண் என்றால் என்ன? விகிதமுறு எண்களும் விகிதமுறா எண்களும் சேர்ந்தது. விகிதமுறா எண் என்றால்? விகிதமுறு அல்லாத மெய்யெண். சுற்றிச் சுற்றி அதே இடம். இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பண்புக்கு வருகிறேன். எண்கோட்டில் விகிதமுறு எண்கள் நெருக்கமாக இருக்கின்றன. எந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு. கூட்டி இரண்டால் வகுத்தால் போதும். இதைக் கேட்டதும் கோடு நிறைந்துவிட்டது என்றுதான் தோன்றும். நிறையவில்லை. நேரடியாகவே பார்க்கலாம்.

எல்லா விகிதமுறு எண்களையும் இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். குறை எண்கள், 0, வர்க்கம் 2-க்குக் குறைவான மிகை எண்கள் இவை இடப்பக்கம். வர்க்கம் 2-க்கு மேற்பட்ட மிகை எண்கள் வலப்பக்கம். வர்க்கம் சரியாக 2 ஆகும் பின்னம் இல்லை என்று மேலே நிரூபித்தாயிற்று, ஆகவே யாரும் விடுபடவில்லை. இப்போது கேள்வி: இடப்பக்கத்தில் மிகப் பெரியது எது?

எதைச் சொன்னாலும் அதைவிடப் பெரியதை நான் தருவேன். சூத்திரம் இதோ: உங்கள் மிகை எண் க என்றால், (2க + 2)-ஐ (க + 2)-ஆல் வகுங்கள். 1-இல் தொடங்கினால் 4/3. அதைப் போட்டால் 7/5. பிறகு 24/17, 41/29… வர்க்கங்களைப் பாருங்கள்: 16/9, 49/25, 576/289, 1681/841. கடைசியில் 1682 இருந்திருந்தால் சரியாக 2! ஒன்றே ஒன்று குறைகிறது. எண் ஒவ்வொரு முறையும் கூடுகிறது, வர்க்கம் 2-ஐத் தாண்டவே இல்லை. வலப்பக்கம் 3/2-இல் தொடங்கி இதே சூத்திரத்தைப் போட்டால் 10/7, 17/12 என்று குறைந்துகொண்டே வரும், வர்க்கம் 2-க்குக் கீழே இறங்காது. இடப்பக்கம் பெரியது இல்லை, வலப்பக்கம் சிறியது இல்லை, நடுவில் ஒரு வெற்றிடம். பின்னங்கள் மட்டும் உள்ள கோட்டில் √2 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

மெய்யெண் கோட்டில் இப்படி வெற்றிடம் விழாது. எப்படி வெட்டினாலும் வெட்டு ஒரு எண்ணின் மேல்தான் விழும். இதற்கு முழுமைப் பண்பு என்று பெயர். பட்டியலில் விடுபட்டது இதுதான்.

சாக்பீஸ்:
@மாகாணி, அருமை. ஒன்று சேர்க்கிறேன். இதை முதலில் இப்படிக் கண்டவர் ரிச்சர்ட் டெடகிண்ட் என்ற ஜெர்மானியர். 1858-இல் சூரிச்சில் நுண்கணிதப் பாடம் நடத்தும்போதுதான், வளைவரையை வரைந்து காட்டி ஒப்பேற்றுகிறோமே, எண்கோட்டில் இடைவெளி இல்லை என்பதற்கு நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று அவருக்கு உறுத்தியது. அந்த நவம்பரிலேயே விடை கிடைத்துவிட்டது, ஆனாலும் 1872-இல்தான் அச்சிட்டார். பாடம் நடத்தப்போன வாத்தியாருக்கு வந்த சந்தேகம் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். நுண்கணிதத்தைத் தொடங்கிவைத்த நியூட்டன், லைப்னிட்சு காலத்துக்கு ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்து! அதுவரை பெரும்பாலோர் படத்தைப் பார்த்து நம்பித்தான் ஓட்டினார்கள். பதினாலு வயதுப் பெண் தடுமாறுவதில் வியப்பில்லை.

பின்பெஞ்ச்:
சார் எனக்கு ஒரு சந்தேகம், நான் பத்தாவது. பாடத்தில் பை (π, வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுத்தால் வருவது) விகிதமுறா எண் என்கிறார்கள். அளவியல் கணக்கில் பை = 22/7 என்று போடச் சொல்கிறார்கள். 22/7 பின்னம்தானே? எதை நம்புவது?

சாக்பீஸ்:
தம்பி, 22/7 = 3.142857142857… ஆறு இலக்கம் சுழன்றுகொண்டே இருக்கும். பை = 3.14159265… மூன்றாவது தசம இடத்திலேயே பிரிந்துவிடுகிறது. 22/7 கொஞ்சம் பெரியது. வினாத்தாளில் "பை = 22/7 எனக் கொள்க" என்று போட்டிருந்தால் அந்தக் "கொள்க"வைக் கவனி. ஆரம் 7, 14, 21 என்று கொடுத்து அடித்துச் சுருக்க வைப்பதற்கான ஏற்பாடு அது.

ஆர்யபடர் கி.பி. 499-லேயே விட்டம் 20000 என்றால் பரிதி 62832 என்று கொடுத்தார், அதாவது 3.1416. கொடுக்கும்போதே இது தோராயம் என்றும் சொல்லிவிட்டார். நம் வினாத்தாள்களைவிட நேர்மை. பை விகிதமுறா எண் என்று நிரூபணம் வந்தது 1761-இல், லாம்பர்ட் என்பவர். அது √2 போல நான்கு வரியில் முடியாது.

நிலைக்கண்ணாடி:
இழையை இப்போதுதான் பார்க்கிறேன். 0.999… என்பது 1-க்குச் சமம் என்று என் மகன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. எப்படிச் சமமாகும்? எவ்வளவு போனாலும் ஒரு துளி குறையத்தானே செய்யும்?

பிழைதிருத்தி:
ஆரம்பித்துவிட்டார்கள்.

மூலைமட்டம்:
நானும் நிலைக்கண்ணாடி கட்சிதான். நெருங்கும், தொடாது.

மாகாணி:
"போனாலும்" என்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். 0.999… எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை. அது ஒரே ஒரு எண், எண்கோட்டில் ஒரே ஒரு புள்ளி. 0.9, 0.99, 0.999 என்ற வரிசைதான் நகர்கிறது. அந்த வரிசையில் உள்ள எதுவும் 1 இல்லை என்பது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை.

குறைகிறது என்றால் எவ்வளவு என்று சொல்லுங்கள். 1-க்கும் அதற்கும் வித்தியாசம் 0.1-ஐவிடச் சிறியது, 0.01-ஐவிடச் சிறியது, 0.001-ஐவிடச் சிறியது, இப்படி எல்லாவற்றையும்விடச் சிறியது. மெய்யெண்களில் குறை எண் அல்லாத அப்படிப்பட்ட எண் 0 மட்டுமே. இரண்டு எண்கள் வெவ்வேறு என்றால் நடுவில் ஒன்று இருந்தாக வேண்டும் என்று மேலே பார்த்தோம். 0.999…-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண்ணை எழுதிக்காட்டுங்கள், நான் கட்சி மாறிவிடுகிறேன்.

நிலைக்கண்ணாடி:
நடுவில் எழுத முடியவில்லைதான். ஆனால் மனசு ஒப்பவில்லை.

சாக்பீஸ்:
மனசு ஒப்ப வருடமாகும். இதைத் தனி இழையாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தாழம்பூ அம்மாவின் கேள்வி அடியில் போய்விடும்.

தாழம்பூ:
நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் 🙂 மகளின் அடுத்த கேள்வி இது. விகிதமுறா எண்களை மட்டும் தனியாக எடுத்தால் அவற்றுக்கு இந்தப் பண்புகள் உண்டா?

பிழைதிருத்தி:
அடைவுப் பண்பிலேயே (விடையும் அதே வகை எண்ணாக இருக்க வேண்டும் என்பது) விழுந்துவிடும். √2 × √8 = √16 = 4. இரண்டு விகிதமுறா எண்கள், பெருக்கினால் இயல் எண். கூட்டலிலும் அப்படித்தான்: √2-ஐயும் (3 − √2)-ஐயும் கூட்டினால் 3. 0-உம் 1-உம் விகிதமுறு எண்கள் என்பதால் சமனிகளும் கிடையாது.

ஆனால் ஒரு விகிதமுறு எண்ணையும் ஒரு விகிதமுறா எண்ணையும் கூட்டினால் கட்டாயம் விகிதமுறா எண்தான் வரும். பின்னம் வந்தது என்றால் அதிலிருந்து முதல் பின்னத்தைக் கழியுங்கள், மிச்சமும் பின்னம். அது விகிதமுறா எண்ணாயிற்றே! பின்னங்களின் அடைவுப் பண்பை வைத்தே நிரூபித்துவிட்டோம் பாருங்கள்.

மூலைமட்டம்:
சரி, பண்புகளைக் கொண்டு நிரூபிப்பது என்கிறீர்களே. எனக்குப் பள்ளி நாளிலிருந்து ஒரு குறை. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண். ஏன்? "அப்படித்தான் விதி" என்றார்கள். எதிரியின் எதிரி நண்பன் என்றார்கள். அது ஒரு விளக்கமா?

சாக்பீஸ்:
விளக்கம் இல்லை. உண்மையான காரணம் பங்கீட்டுப் பண்பு, மூன்று வரிதான். 1 + (−1) = 0. இரு பக்கமும் (−1)-ஆல் பெருக்குங்கள். வலப்பக்கம் 0. இடப்பக்கத்தைப் பங்கிட்டால் (−1) × 1 + (−1) × (−1), அதாவது −1 + (−1) × (−1). இது 0 ஆக வேண்டும். −1-உடன் எதைக் கூட்டினால் 0 வரும்? 1 மட்டும்தான். வேறு எந்த விடையை வைத்தாலும் பங்கீட்டுப் பண்பு உடைந்துவிடும்.

0-க்குத் தலைகீழி இல்லை என்பதும் இதே மாதிரிதான் வருகிறது. எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினாலும் 0, ஆகவே பெருக்கி 1 வரவைக்கும் எண் இருக்க முடியாது. பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்து "−3 + 5 = 5 + (−3), இது எந்தப் பண்பு?" என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்பதோடு விட்டுவிடுகிறோம். அந்தப் பண்பைக் கொண்டு என்ன செய்யலாம் என்று ஒரு கணக்காவது கொடுத்தால் பிள்ளைகள் இப்படி அலுத்துக்கொள்ள மாட்டார்கள். என் சகாக்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

மூலைமட்டம்:
பங்கீட்டுப் பண்பு இந்த வேலை செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நல்லது. ஆனால் √2 விஷயத்தில் நான் இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறேன். அளக்கிறவனுக்கு அது தேவையில்லை.

மாகாணி:
உங்கள் மேசையில் ஏ4 தாள் இருக்குமே, ஒன்று எடுங்கள். குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தோடு ஒட்டி மூலைவாட்டில் மடியுங்கள். விழும் மடிப்பு ஒரு சதுரத்தின் மூலைவிட்டம். அந்த மடிப்பை இன்னொரு ஏ4 தாளின் நீளப் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். சரியாக ஒட்டும்.

காரணம் இதுதான். ஏ4-ஐ நடுவில் வெட்டினால் வரும் ஏ5-க்கும் அதே உருவம் இருக்க வேண்டும், பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் ஓரம் விடுபடக் கூடாது என்றுதான் அந்த அளவை வைத்தார்கள். நீளத்தை அகலத்தால் வகுத்தால் வருவதும், அகலத்தைப் பாதி நீளத்தால் வகுத்தால் வருவதும் சமம் என்று எழுதினால், நீளத்தின் வர்க்கம் அகலத்தின் வர்க்கத்தைப் போல இரு மடங்கு. √2 தவிர வேறு எந்த விகிதத்துக்கும் இது நடக்காது. ஆனால் ஆலைக்கு √2-ஐக் கொடுக்க முடியாது, உங்கள் கொத்தனார் மாதிரித்தான். அதனால் 210 மி.மீ., 297 மி.மீ. என்று வைத்தார்கள். சுருக்கினால் 99/70. 99-இன் வர்க்கம் 9801, 70-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 9800. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! 210 மி.மீ. சதுரத்தின் உண்மையான மூலைவிட்டத்துக்கும் 297-க்கும் வேறுபாடு 0.015 மி.மீ. அளவில். நீங்கள் வெட்டும் அளவு பின்னம்தான், மறுக்கவில்லை. எந்தப் பின்னத்தை வெட்டுவது என்று சொல்வது √2.

மூலைமட்டம்:
மடித்துப் பார்த்தேன். ஒட்டுகிறது. அலுவலகத்தில் இரண்டு பேருக்குக் காட்டியாயிற்று.

பின்பெஞ்ச்:
எந்தப் பின்னம் முடிவுறு தசமம் ஆகும்னு பார்த்ததும் கண்டுபிடிக்க வழி இருக்கா? நாளைக்குத் தேர்வு 😬

மாகாணி:
பின்னத்தைச் சுருக்கிவிட்டுப் பகுதியைப் பகாக் காரணிப்படுத்து. 2-உம் 5-உம் மட்டும் இருந்தால் முடிவுறும். வேறு பகா எண் ஒன்று வந்தாலும் சுழலும். நம் பழைய பின்ன அளவான முந்திரி 1/320. 320-இல் ஆறு 2-களும் ஒரு 5-உம்தான், ஆகவே 0.003125-இல் முடிந்துவிடுகிறது. மா, காணி, என் பெயரான மாகாணி எல்லாம் முடிவுறு தசமங்களே. மூன்றில் ஒரு பங்கை அந்த முந்திரிகளைக் கொண்டு சரியாக எழுத முடியாது.

தாழம்பூ:
எல்லோருக்கும் நன்றி. வெற்றிடம் விளக்கத்தை அவள் புரிந்துகொண்டாள், அந்தச் சூத்திரத்தில் 41/29-க்கு அடுத்ததையும் தானே கண்டுபிடித்தாள் (140/99 என்கிறாள், சரியா?). இப்போது புதிதாக ஒன்று. சாக்பீஸ் சார் எழுதிய நிரூபணத்தில் 2-க்குப் பதில் 4 போட்டால் √4-உம் விகிதமுறா எண் என்று வந்துவிடாதா, எங்கே தடுக்கிறது என்று கேட்கிறாள்.

சாக்பீஸ்:
140/99 சரி. 4-ஐப் போட்டுப் பார்ப்பது நல்ல யோசனை. ஒரு நிரூபணம் உண்மையில் என்ன சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

க² = 4ச². க இரட்டைப்படை என்பது வரை சரி. க = 2ட என்று போட்டால் 4ட² = 4ச², அதாவது ட² = ச². இதிலிருந்து ச இரட்டைப்படை என்று சொல்ல முடியாது, ட = ச என்றுதான் வருகிறது. ஆகவே க/ச = 2. முரண்பாடு வரவில்லை, விடை வந்துவிட்டது! "2-க்குப் பதில் 4-ஆல் வகுபடும் என்று வாதிடுகிறேன்" என்றால் அதற்கும் வழியில்லை. க² 2-ஆல் வகுபட்டால் க-வும் வகுபடும், ஏனென்றால் 2 பகா எண். 4 அப்படியல்ல: 36 நான்கால் வகுபடும், 6 வகுபடாது.

அடுத்து √12-க்கு அவளையே எழுதச் சொல்லுங்கள். 2-ஐப் பிடித்தால் √3-இல் போய் நின்றுவிடும், அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 3-ஐப் பிடிக்கட்டும்.